கார்த்திகையில் மிதக்கும் தொட்டி

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நிலத்துக்குள் இறங்கி நீந்துவதற்கு அண்மைக்காலம் வரை பாசனக் கிணறுதான் இடமாக இருந்தது. மேலிருந்து குதித்துக் குளிக்கக் கிணறும், கிணற்றடியில் உட்கார்ந்து குளிக்கப் பம்புசெட் தொட்டியும் என்று இரண்டு ஏற்பாடுகள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. இப்போது பண்ணை வீடுகளிலும், மரக்காணத்தை ஒட்டிய கடற்கரைச் சாலை மனைகளிலும், சில நகர வீடுகளின் பின்புறத்திலும் கட்டப்படும் நீச்சல் குளம், பார்வைக்கு இவ்விரண்டின் கலவையைப் போலத் தோன்றினாலும், இயற்பியல் நோக்கில் இரண்டிலும் சேராத ஒன்று. கிணறு நிலத்தடி நீரைத் தன்னுள் வரவிடுவதால் அதன் சுவருக்கு உள்ளும் புறமும் நீர்மட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கிறது; பம்புசெட் தொட்டியோ தரைக்கு மேலே நிற்பதால் அதை வெளியிலிருந்து தள்ளும் நீர் எதுவும் இல்லை. நீச்சல் குளம் மட்டும் நிலத்துக்குள் இருந்துகொண்டே நிலத்தின் நீரை உள்ளே விட மறுக்கிறது. அதைக் கட்டுவதில் எழும் பெரிய சிக்கல்கள் அனைத்தும் இந்த மறுப்பிலிருந்து பிறப்பவை; வண்ண ஓடும் நீல விளக்கும் பிறகு வரும் செய்திகள்.

இதை ஒரு கணக்கில் காணலாம். உட்புறம் 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உடைய ஒரு குளத்துக்குச் சுவர் உயரம் ஒன்றரை மீட்டர் என்றும், தளமும் சுவரும் 20 செ.மீ. கனம் என்றும் கொண்டால், அதற்குச் செல்லும் கான்கிரீட் ஏறத்தாழ 15 கன மீட்டர். கம்பி கட்டிய கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு இரண்டரை டன் இருக்கும் என்பதால் வெறுங்குளத்தின் எடை சுமார் 37 டன். அதே குளம், வெளிப்புற அளவுகளின்படி, நிலத்தில் அடைத்துக்கொள்ளும் இடம் 63 கன மீட்டர். நீரில் அமிழ்ந்த பொருளை, அது விலக்கிய நீரின் எடைக்குச் சமமான விசை மேல்நோக்கித் தள்ளும் என்பது ஆர்க்கிமிடீஸ் விதி. ஆகவே நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறிவிட்டால், 37 டன் எடையுள்ள தொட்டியை 63 டன் விசை கீழிருந்து தூக்கும். சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பு சிறிது தடுக்கும் என்றாலும், சேறாக ஊறிய மண்ணின் பிடிப்பை நம்பிக் கணக்குப் போடும் பொறியாளர் அரிது. தரைமட்டம் வரைகூட நீர் ஏற வேண்டியதில்லை. தரைக்கு 70 செ.மீ. கீழே வந்து நின்றாலே எடையும் விசையும் சமமாகிவிடுகின்றன, அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு சாணும் தொட்டியைப் படகாக்கும். குளத்தில் 45,000 லிட்டர் நீர் நிரம்பியிருந்தாலோ மொத்த எடை 82 டன் ஆகிவிடுவதால் அது அசைவதில்லை. குளத்துக்கு நங்கூரம் அதனுள் இருக்கும் நீரே. புயல் வருகிறது என்றதும் குளத்தைக் காலி செய்து மூடிவைப்பது இயல்பான எச்சரிக்கையாகத் தோன்றும். செய்யக்கூடாத காரியம் அதுதான்.

இவ்வட்டாரத்தில் இது ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் பெய்த மழை சுமார் 50 செ.மீ.; விழுப்புரம் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யக்கூடிய மழையில் ஏறக்குறைய பாதி ஒரே நாளில் இறங்கியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தை வெள்ளம் எட்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அப்படிப்பட்ட நாளில், மேலே கணக்கிட்ட குளத்தின் பரப்பில் நேராக விழும் மழைநீர் மட்டுமே 16,000 லிட்டர் என்பதால் அது வழிந்தோட ஒரு குழாய் முன்கூட்டியே வேண்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் அந்த நீரைவிட, அடுத்த சில நாள்களில் மண்ணுக்குள் மெல்ல ஏறி வரும் நீரே குளத்துக்குப் பகை. மழை நின்று, வெயில் அடித்து, கலங்கிய நீரை இறைத்துவிட்டுக் குளத்தைக் கழுவலாம் என்று நினைக்கும் வேளையும் அதே வேளைதான்.

எனவே குளம் கட்ட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தை விட நிலத்தை. 40 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் திண்டிவனம்–விழுப்புரம் இடைவெளியில் நிலம் பலமுறை முகம் மாறுகிறது. திண்டிவனத்தைச் சுற்றித் தரைக்குச் சற்றுக் கீழேயே சார்னோக்கைட் எனப்படும் நீலச்சாயலான கரும்பாறை கிடக்கிறது. கட்டடத்துக்கு வரும் கருங்கல் ஜல்லியும், ஆற்று மணலுக்கு மாற்றாக அதே பாறையை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்டும் இதிலிருந்து பிறப்பவை. வானூர்ப் பக்கம் போனால் பாறை மறைந்து, கடலூர் மணற்கல் என்னும் செந்நிறப் படிவு தொடங்குகிறது. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள் இந்தப் படிவில் புதைந்திருந்தவை. விழுப்புரத்தை நெருங்க நெருங்கத் தென்பெண்ணை கொண்டுவந்து சேர்த்த வண்டலும் களியும் மிகுகின்றன. இவற்றுக்கிடையே ஏரிகள்.

நிலவியல் வரைபடம் கைக்குக் கிடைக்காதவர்களுக்கு, அந்த மனையில் முன்பு என்ன பயிரிட்டார்கள் என்ற கேள்வி ஏறத்தாழ அதே விடையைத் தரும். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்ததும், நிலக்கடலை, எள் இரகங்களின் பெயருக்கு முன் ஊரின் அடையாளமாக டி.எம்.வி. என்ற எழுத்துகள் ஒட்டிக்கொண்டதும் தற்செயல் அன்று. கடலையின் விழுது மண்ணுக்குள் எளிதாக இறங்கவும், முற்றிய காய் அறுபடாமல் செடியோடு பிடுங்கி வரவும் இளக்கமான செம்மண் வேண்டும், அத்தகைய மண்ணில் மழைநீர் தேங்காமல் கீழே வடிந்துவிடும். நெல் விளைந்த நிலம் இதற்கு நேர் எதிர். நீரைப் பிடித்து நிறுத்தும் களி இருந்ததால்தான் அங்கே நெல் விளைந்தது. ஏரிக்குக் கீழே உள்ள ஆயக்கட்டு நிலமாக இருந்தால் ஏரி நிரம்பிய மாதங்களில் கசிவுநீர் அடிமண்ணில் ஏறிக்கொண்டே இருக்கும். இன்று மனைப்பிரிவாகி வண்ணக் கொடி கட்டப்பட்டிருக்கும் இடங்களில் பல, நேற்று வரை நெல்வயலாக இருந்தவை என்பதை மனை விற்பவர் சொல்லமாட்டார், பக்கத்து நிலத்துக்காரர் சொல்வார்.

களிமண் இன்னொரு தொல்லையையும் தருகிறது. கரிசல் சார்ந்த களியில் மான்ட்மோரில்லோனைட் என்னும் கனிமம் மிகுந்திருக்கும். ஏடு ஏடாக அடுக்கப்பட்ட அதன் நுண்தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் மண் உப்பும், நீர் வெளியேறினால் சுருங்கி, சித்திரை வெயிலில் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஆண்டுக்கொருமுறை உப்பிச் சுருங்கும் மண்ணின்மேல் நேரடியாகத் தளம் போட்டால் அது ஒரு பக்கம் தூக்கப்பட்டு விரிசல் விடும். எனவே களியை ஆழமாக வெட்டி அகற்றி, கிராவல் கொட்டி, அடுக்கடுக்காக நீர் தெளித்து இறுக்கிய பிறகே மேலே போக முடியும். பாறை நிலத்தில் இத்தொல்லை இல்லை என்று மகிழ்வதற்கும் இடமில்லை. தோண்டும்போது குழியின் ஒரு பாதி பாறையிலும் மறுபாதி மண்ணிலும் அமைந்துவிட்டால், பாறைப்பக்கம் அசையாமல் நிற்க மண்பக்கம் எடையில் மெல்ல அமிழும், இரண்டும் சந்திக்கும் கோட்டில் தளம் கீறும். வீடுகளுக்கு நடுவே வெடி வைக்க முடியாது என்பதால் பொக்லைனில் பிரேக்கர் மாட்டிப் பாறையை உடைக்க வேண்டியிருக்கும். அந்த மணிக்கணக்கு வாடகை பல வீடுகளில் குளத்தின் ஆழத்தைக் குறைத்துவிட்டிருக்கும் என்று ஊகிக்கலாம்.

தூக்கும் விசையை வெல்வதற்கு வழிகள் இரண்டு. ஒன்று எடையைக் கூட்டுவது. அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே சுற்றிலும் 60 செ.மீ. அளவுக்கு நீட்டிவிட்டால், அந்த விளிம்பின்மேல் நிரப்பப்படும் மண் குளத்தின் காலைப் பிடித்து அழுத்திக்கொண்டிருக்கும். முன்பு கண்ட 26 டன் குறையை இது ஒன்றே ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். இன்னொன்று விசையையே குறைப்பது. தளத்துக்கு அடியில் ஒரு சாண் கனத்துக்குச் சுத்தமான ஜல்லி பரப்பி, அதில் துளையிட்ட குழாய்களைப் படுக்கவைத்து, அவற்றை ஒரு மூலையில் உள்ள சிறு உறைக்கிணற்றில் கொண்டுபோய்ச் சேர்த்தால், அடியில் ஊறும் நீர் அங்கே வந்து நிற்கும், சிறு மோட்டார் வைத்து இறைத்துவிடலாம். குளத்தின் அடியில் ஒரு நிவாரண வால்வு பொருத்துவதும் உண்டு. வெளிநீரின் அழுத்தம் உள்நீரைவிட மிகும்போது அது தானே திறந்து நிலத்தடி நீரைக் குளத்துக்குள் விட்டுவிடும். குளம் சிறிது நேரத்துக்குக் கிணறாக மாறித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று இதைச் சொல்லலாம். வால்வில் ஒரு மணற்பரல் சிக்கினாலும் அது சரியாக மூடாமல் நீரைக் கசியவிடும் என்பதால், உறைக்கிணறு இருக்கும் இடத்தில் வால்வைத் துணையாக மட்டுமே கொள்வது நல்லது.

வேலையைத் தை மாதத்தில் தொடங்கி ஆடிக்குள் முடிப்பது, மழைக்காலத்தில் குழியில் நீர் இறைப்பதைத் தவிர்ப்பதற்காக மட்டும் அன்று. தளமும் சுவரும் எழும்பி, ஓடு ஒட்டப்படாமல், நீரும் நிரப்பப்படாமல் ஐப்பசியைச் சந்திக்கும் குளமே மிதப்பதற்கு மிகவும் வாய்ப்புள்ள குளம். கட்டட அனுமதிக்கான வரைபடத்தில் குளத்தையும் சேர்த்துக் காட்டுவதற்கும் இந்தக் கால அட்டவணைக்குள் நாள் ஒதுக்க வேண்டும்.

அடுத்தது, உள்நீர் வெளியே போகாமல் காப்பது. கான்கிரீட் கெட்டியான கல்லைப் போலத் தோன்றினாலும் அது நுண்துளைகள் நிறைந்த பொருள். சிமென்ட் இறுகுவதற்குத் தேவையான அளவைவிட, கலவை இளகி ஓடுவதற்காகவே அதிக நீர் சேர்க்கப்படுகிறது; இறுகும் வேதிவினையில் பங்கேற்காமல் எஞ்சும் அந்த நீர் பின்னர் ஆவியாகும்போது, அது இருந்த இடமெல்லாம் மயிர்போன்ற துளைகளாக மிஞ்சுகிறது. கலவையைக் கொட்டும்போது கம்பிகளுக்கிடையே எளிதாக இறங்கட்டும் என்று சித்தாள் ஊற்றும் ஒரு குடம் கூடுதல் நீர், பின்னாளில் வாட்டர்ப்ரூஃபிங் என்ற பெயரில் பல ஆயிரம் ரூபாயாகத் திரும்பி வருகிறது. நீர்தேக்கும் கான்கிரீட் கட்டுமானங்களுக்கான இந்தியத் தரமாகிய ஐ.எஸ். 3370, வீட்டுத் தூண்களுக்கு வழக்கமாகப் போடும் எம்20ஐ விட வலுவான எம்30 தரக் கலவையைக் கேட்பதும், நீரின் எடை சிமென்ட்டின் எடையில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

கசிவு பெரும்பாலும் சுவரின் நடுவில் தோன்றுவதில்லை. தளம் ஒரு நாளும் சுவர் இன்னொரு நாளும் போடப்படும்போது இரண்டும் சேரும் கோட்டில் தோன்றுகிறது. முதல்நாள் இறுகிய கான்கிரீட்டின்மேல் படிந்த சிமென்ட் பால் காய்ந்து மாவாகக் கிடக்கும். அதைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, கழுவி, ஜல்லி முகம் தெரியும் அளவுக்குக் கொத்திவிட்ட பிறகே மேலே சுவர் எழ வேண்டும். அந்த இணைப்பின் நடுவே, பாதி தளத்திலும் பாதி சுவரிலும் புதையுமாறு, வாட்டர் ஸ்டாப் என்னும் ஓர் அகலமான பி.வி.சி. பட்டை செங்குத்தாக வைக்கப்படுகிறது. நீர் அதைச் சுற்றிக்கொண்டுதான் வெளியேற முடியும் என்பதால் அதன் பாதை நீண்டு, அழுத்தம் தளர்கிறது. வைப்ரேட்டர் பட்டு அந்தப் பட்டை மடங்கிவிட்டால் பயன் போய்விடும். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் இடையே 4, 5 செ.மீ. இடைவெளி விடுவதும் இவ்வாறே அற்பமாகத் தோன்றி அற்பமல்லாத ஒன்று. உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணம் பக்கத்து மண்ணில் உள்ள குளோரைடு கம்பியை எட்டினால் இரும்பு துருப்பிடித்து, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால், சுவர் உள்ளிருந்தே பிளக்கும்.

நீர் கசியாத தொட்டிக்கான தேடல் மிகப் பழையது. மொகஞ்சதாரோவின் பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடையது. நெருக்கமாக அடுக்கிய செங்கல்லை ஜிப்சம் சாந்தால் இணைத்து, அதற்குப் பின்னால் நிலக்கீல் பூசி, மீண்டும் செங்கல் வைத்து அதைக் கட்டியிருக்கிறார்கள். நீர் புகாத படலத்தை இரண்டு கெட்டியான அடுக்குகளுக்கு நடுவே ஒளித்துவைக்கும் இந்த முறையில் இன்றைய கட்டுமானம் திருத்தியது அதிகம் இல்லை. தமிழ்நாட்டுச் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீர் சேர்ப்பதும் இந்தத் தேடலின் பகுதிதான். வானூர் வட்டத்தில் பெரும்பகுதி அமைந்துள்ள ஆரோவில்லில் இயங்கும் மண் கட்டுமான நிறுவனம், மழைநீர்த் தொட்டிகளுக்காக உள்ளூர் மண்ணுடன் மணல், சிமென்ட், சுண்ணாம்பு, படிக்காரம், கடுக்காயின் துவர்ப்பொருள் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு நீர்காப்புப் பூச்சை உருவாக்கியிருக்கிறது. துவர்ப்பொருளும் படிக்காரமும் மண்ணின் நுண்துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துத் துளைகளை அடைக்க உதவுகின்றன. ஓடு ஒட்டிய நீச்சல் குளத்துக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது என்றாலும், கடையில் டப்பாவில் வரும் பூச்சுகளும் வேதிப்பெயர் மாறி அதே துளையடைப்பு வேலையைத்தான் செய்கின்றன.

ஓடு ஒட்டும் முன் குளத்தை நிரப்பி ஒரு வாரம் பார்ப்பது கட்டாயம். அந்த நாள்களில் மட்டம் குறைவதைக் கண்டு உடனே கொத்தனாரைக் குறை சொல்வது தவறாகவும் போகலாம். கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 6 மி.மீ. நீர் ஆவியாகும், 32 சதுர மீட்டர் பரப்புக்கு இது 190 லிட்டர், அதாவது 12 லிட்டர்க் குடத்தில் பதினாறு குடம். ஆவியையும் கசிவையும் பிரித்தறிய ஒரு பக்கெட் போதும். குளத்தின் படியில் பக்கெட்டை வைத்து, குளத்து நீரையே அதிலும் ஊற்றி, இரண்டின் மட்டத்தையும் பென்சிலால் குறித்து, ஒரு நாள் கழித்துப் பார்த்தால், வெயிலும் காற்றும் இரண்டுக்கும் பொது என்பதால் இரண்டும் ஒரே அளவு குறைந்திருக்க வேண்டும். குளம் கூடுதலாகக் குறைந்திருந்தால் அந்தக் கூடுதலே கசிவு. ஓடு ஒட்டிவிட்ட பிறகு கசிவைக் கண்டுபிடிப்பது, வைக்கோல் போரில் ஊசி தேடுவதைவிடச் செலவு மிகுந்த வேலை.

நிரப்பும் நீர் எங்கிருந்து வருகிறது என்பது வீட்டுக்காரரின் சொந்த விஷயம் மட்டும் அன்று. நான்கு லாரித் தண்ணீர் என்றால் சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் மாவட்டத்தின் பல குறுவட்டங்களில் நிலத்தடி நீர் ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சப்படுகிறது. ஆகவே வீட்டுக் கூரையின் மழைநீரைக் குளத்துக்குத் திருப்புவதும், நீரைக் கொட்டாமல் ஆண்டுக்கணக்கில் சுத்தம் செய்து பயன்படுத்துவதும் அழகுக்கான யோசனைகளுக்கு முன் வரவேண்டியவை. பாறைப்பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்திருக்கும்; அது வெயிலில் வற்றி, மேலும் நீர் சேர்த்து, மீண்டும் வற்றும்போது உப்பு மட்டும் குளத்திலேயே தங்கிச் செறிந்து, நீர்மட்டக் கோட்டில் ஓட்டின்மேல் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும்.

நீரைக் கெடாமல் வைத்திருப்பது குளோரின். பிளீச்சிங் பவுடர் நீரில் கரையும்போது ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. கிருமியின் உறையைத் துளைத்து உள்ளே செல்வது இதுவே. நீரின் காரத்தன்மை கூடினால் இந்த அமிலம் ஒரு ஹைட்ரஜன் அயனியை இழந்து, கிருமிக்கெதிராகப் பல மடங்கு மந்தமான வடிவத்துக்கு மாறிவிடுகிறது: பி.எச். 7.2இல் குளோரினில் மூன்றில் இரு பங்கு வேலை செய்யும் வடிவில் இருக்கும், 7.5இல் பாதி, 8ஐத் தொட்டால் கால் பங்குகூட இராது. பவுடரைக் கொட்டிக்கொண்டே இருந்தும் நீர் பச்சையாகிறது என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இங்கே இருக்கிறது. பவுடரும் காரத்தன்மை உடையதே. நண்பகல் வெயிலின் புற ஊதாக் கதிர் ஒரு மணி நேரத்துக்குள் குளோரினில் பாதிக்கு மேல் சிதைத்துவிடும் என்பதால் மருந்திட ஏற்ற நேரம் மாலை. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் உயர்த்த 45,000 லிட்டருக்கு 45 கிராம் வேண்டும். 30 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் என்றால் 150 கிராம், அதையும் வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் வாடை’ வந்தால் மருந்து அதிகம் என்று பொருளில்லை. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமைனாக மாறி வலுவிழந்த குளோரின் எழுப்பும் வாடை அது.

வடிகட்டியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: குளத்து நீர் முழுவதும் ஆறு மணி நேரத்தில் ஒருமுறை, சுமார் 60 செ.மீ. விட்டமுள்ள மணல் தொட்டி வழியாகச் சுற்றிவர ஒரு மோட்டார் போதும். பாதுகாப்பு அப்படியன்று. அடிமட்ட உறிஞ்சு வாய் ஒன்றே ஒன்றாக இருந்தால், அதன்மேல் ஒரு குழந்தையின் உடலோ தலைமுடியோ படிந்து அடைபடும்போது மோட்டாரின் முழு இழுவையும் அங்கே குவிகிறது. வாய்கள் இரண்டாகவும், விலகி, ஒரே குழாயில் இணைந்தும் இருந்தால் ஒன்று அடைபட்டதும் இழுவை மற்றதுக்கு மாறிவிடும். நீருக்கடியில் எரியும் விளக்கு 12 வோல்ட்டில் இயங்க வேண்டும், மோட்டார் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும், தானே மூடிக்கொள்ளும் கதவோடு நெஞ்சுயர வேலி நான்கு பக்கமும் வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளில் குழந்தைகளை இழந்த கிராமங்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

ஓட்டை மாற்றவோ விரிசலை அடைக்கவோ குளத்தை முழுதும் காலி செய்தே ஆக வேண்டிய நாள் என்றேனும் வரும். குளத்தோரம் மண்ணில் இறக்கிய துளையிட்ட குழாய் ஒன்று இருந்தால், அதில் ஒரு நூலில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த இடத்தை அளந்து, நிலத்தடி நீர் குளத்தின் அடித்தளத்துக்கும் கீழே நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். இவ்வட்டாரத்தில் அதற்கு ஏற்ற காலம் கிணறுகள் அடிகாணும் பங்குனி, சித்திரை. கார்த்திகையில் இறைக்கப் போனால் நூல் இரண்டு முழத்திலேயே நனைந்து வரும்.